உழவு இயந்திரத்தை வாடகைக் கொள்வனவில் விற்போர் கவனிக்க வேண்டியவை

வாடகைக் கொள்வனவு சாதாரணக் கடன் விற்பனையன்று. விற்பனையாளர் முற்பணம் பெற்றுப் பொருளை வாடகைக்குக் கொடுக்கின்றார். இறுதித் தவணை தீர்ந்த பின்னரே உரிமை கைமாறுகின்றது. இரு சக்கர உழவு இயந்திரம் கமக்காரர் வீட்டுக் கொட்டிலில் நின்றாலும், அதுவரை அது விற்பனையாளருடையதே. இவ்வகை உடன்படிக்கைகளுக்கென 1982ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க நுகர்வோர் கடன் சட்டம் உண்டு. எனினும், மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த வயற்பகுதிகளில் வியாபாரம் செய்வோர் சட்டத்தோடு வயலின் காலக்கணக்கையும் அறிந்திருத்தல் அவசியம்.

மாதச் சம்பளம் பெறுவோருக்கு மாதத் தவணை பொருந்தும். படுவான்கரையில் மழையை நம்பிப் பெரும்போகம் மட்டும் செய்பவருக்கோ, ஐப்பசியில் விதைத்த நெல் மாசி, பங்குனியிலேதான் பணமாகின்றது. உன்னிச்சை, நவகிரிக் குளங்களின் நீர் பாயும் வயல்களில் சிறுபோகமும் உண்டாதலால் பணம் இருமுறை வரும். மார்கழியிலே முழுத் தவணை கேட்டால், வீட்டு நகையை அடகு வைத்தே அவர் கொடுப்பார். ஆதலின் பெருந்தொகையைச் சூடடிப்பின் பின்னும், கூலி உழவு கிடைக்கும் புரட்டாசியில் ஒரு சிறு தொகையுமாகத் தவணைகளை அமைத்தல் நன்று. விற்பனையாளருக்கும் இதனால் நட்டமில்லை, அலைச்சலே குறையும்.

வெள்ளத்தையும் முன்கூட்டியே எண்ணுதல் வேண்டும். 2011 ஜனவரி வெள்ளத்தில் இம்மாவட்டத்தின் பெரும்போக நெல் பெருமளவு அழிந்தது. அத்தகைய ஆண்டில் தவணையை அடுத்த போகத்துக்குத் தள்ளிவைக்கும் விதி உடன்படிக்கையிலேயே எழுதப்படட்டும். வாய்ச்சொல்லாக நின்றால், அதைச் சொன்ன முகவர் இடம் மாறியதும் அதுவும் மறைந்துவிடும்.

இனி வட்டி. ஓர் உதாரணம் காண்க: இயந்திரத்தின் ரொக்க விலை 600,000 ரூபா, முற்பணம் 150,000, மீதி 450,000. நூற்றுக்கு 12 வீத வட்டியென்று கூறி, முழு மீதிக்கும் மூன்று ஆண்டு வட்டியாக 162,000 சேர்த்தால், மாதத் தவணை 17,000 ரூபா. ஆனால் முதல் மாதத்திலிருந்தே முதல் குறைந்து வருகின்றதன்றோ? குறைந்துவரும் மீதிக்குக் கணக்கிட்டால் உண்மையான ஆண்டு வட்டி 21 வீதத்துக்குச் சற்று மேலாகும். இரண்டையும் தமிழில் எழுதிக் காட்டாத விற்பனை நேர்மையானதன்று என்பதே எமது எண்ணம். ரொக்க விலை, தவணைகளுடன் கூடிய மொத்த விலை, முன்கூட்டித் தீர்ப்போருக்கான கழிவு, காப்புறுதிப் பணம் ஆகியனவும் அவ்வாறே எழுதப்பட வேண்டியவை.

வெற்றுத் தாளில் கையொப்பம் வாங்குதல் கூடவே கூடாது. உடன்படிக்கையின் பிரதியைப் பிணையாளிக்கும் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் அவரே கடைசியில் திகைத்து நிற்பவர்.

தவணை தவறியவரிடம் முதலில் நேரிற் சென்று காரணம் கேட்பதும், பின்னர் எழுத்தில் அறிவித்து அவகாசம் கொடுப்பதுமே முறை. உழவு நடுவில் இயந்திரத்தைப் பறித்தால், கடனைத் தீர்ப்பதற்கான விளைச்சலும் அத்தோடு போய்விடும். இயந்திரத்தை மீளப் பெற்றே ஆகவேண்டுமாயின், கையொப்பமிட்ட பற்றுச்சீட்டில் அதன் நிலையையும் அதுவரை செலுத்திய தொகையையும் குறித்துக் கொடுத்தல் வேண்டும்.