உங்களுக்குத் தெரியுமா? கற்றுத்தரவும் கற்க வேண்டிய செவிலியர்கள்

● சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கான வயிற்று டயாலிசிஸில் வயிற்றின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வுதான் வடிகட்டி. மென்குழாய் வழியே சுமார் 2 லிட்டர் திரவத்தை உள்ளே விட்டு, 4 முதல் 6 மணி நேரம் வைத்திருந்து வடிப்பார்கள். பெரும்பாலும் நாளுக்கு 4 முறை இப்படி மாற்ற வேண்டும். இதை நோயாளியே வீட்டில் செய்துகொள்கிறார். ஆகவே இந்தப் பிரிவுச் செவிலியரின் தலையாய வேலை கற்றுத்தருவது.

● ஹென்றி டென்காஃப் 1968-இல் வடிவமைத்த சிலிக்கோன் குழாய்தான் இன்றைய குழாய்களுக்கு முன்னோடி. 1976-இல் பாப்போவிச், மான்கிரீஃப் இருவரும் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் இருந்து, இயந்திரம் இல்லாமல் நாள் முழுக்கச் செய்யும் முறையை விவரித்தனர்.

● செவிலியர் முதலில் பழக்குவது வரிசையை: ஜன்னலைச் சாத்து, மின்விசிறியை நிறுத்து, முகக்கவசம் அணி, கையைக் கழுவித் துடை, பிறகு குழாயை இணை. அடுத்துப் பழைய திரவத்தை வடித்து, குழாயைப் புதுத் திரவத்தால் அலசி, அதன்பின்தான் வயிற்றை நிரப்ப வேண்டும். இணைக்கும்போது புகுந்த கிருமி வெளியேற அந்த அலசல் உதவும்.

● வடித்த பையை அச்சடித்த தாளின் மேல் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். எழுத்து தெளிவாகத் தெரியாமல் திரவம் கலங்கியிருந்தால் வயிற்றுச் சவ்வில் தொற்று இருக்கலாம். வலி வரட்டும் என்று காத்திருக்காமல், அந்தப் பையோடு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

● மலச்சிக்கல் பற்றிச் செவிலியர் தவறாமல் விசாரிப்பார். குடல் நிறைந்திருந்தால் குழாய் இடம்பெயரும். திரவம் சரியாக வடியாது.

● திரவத்தோடு தினமும் சில கிராம் புரதமும் வெளியேறிவிடும். முட்டை, மீன், பருப்பு பற்றிய பேச்சும் பயிற்சியில் ஒரு பாடம்.

● பிரேசிலில் நடந்த பெரிய ஆய்வில், மொத்தம் 15 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி பெற்ற நோயாளிகளுக்குத் தொற்று குறைவாக இருந்தது. அவசரப் பயிற்சியின் விலையை நோயாளியின் வயிறுதான் கொடுக்கிறது.

● ஹாங்காங்கில் 2007-இல் வெளியான ஆய்வு எதிர்பாராததைச் சொன்னது: அனுபவம் மிகுந்த செவிலியரிடம் பயின்றவர்களுக்குச் சிலவகைத் தொற்று கூடுதலாக இருந்தது. பல ஆண்டு அனுபவம் உள்ளவரும் தம் கற்பிக்கும் முறையைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்கு இது போதிய காரணம்.

● ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ‘டீச்-பி.டி.’ என்ற பாடத்திட்டம் உண்டு. அதில் நோயாளிக்குத் தனிப் பாடம், பயிற்றுவிக்கும் செவிலியருக்குத் தனிப் பாடம்.

● தொற்று வந்து குணமானவருக்கு மறுபயிற்சி தர வேண்டும் என்பது சர்வதேச வயிற்று டயாலிசிஸ் சங்கத்தின் பரிந்துரை. கண்பார்வை மங்கியவர், விரல் நடுங்குபவர் என்றால் வீட்டில் ஒருவரையும் சேர்த்துப் பழக்குவார்கள்.

● இந்தியாவின் பிரதமர் தேசிய டயாலிசிஸ் திட்டம் 2016-இல் தொடங்கியது. வயிற்று டயாலிசிஸுக்கான வழிகாட்டு நெறிகள் 2019-இல் வந்தன. டயாலிசிஸ் மையம் எட்டாத ஊர்க்காரர்களுக்கு இந்த முறை பெரும் வாய்ப்பு. திரவப் பை ஊருக்குப் போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது. அதைப் பயன்படுத்தப் பொறுமையாகப் பழக்கும் செவிலியர் ஒருவராவது ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் இருந்தாக வேண்டும்.