75 காசுக் கணக்கும் நாட்டுக் காவலும்

நாட்டைக் காப்பவர் யார் என்று வகுப்பில் கேட்டால், பிள்ளைகள் முதலில் இராணுவ வீரரைச் சொல்வார்கள்; அடுத்து போலீஸ்காரரைச் சொல்வார்கள். பச்சைச் சட்டையும் பூட்சும் துப்பாக்கியும்தான் அவர்கள் மனத்தில் நிற்கும் படம். அது தவறன்று. ஆனால் இந்நாளில் துப்பாக்கி ஏந்தாமலே, எல்லைக்குப் போகாமலே, ஒரு மேசையின் முன் அமர்ந்து நாட்டைக் காவல் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை ஆங்கிலத்தில் 'சைபர் திரெட் இன்டெலிஜென்ஸ் அனலிஸ்ட்' என்று அழைக்கிறார்கள். நம் மொழியில் 'இணையத் துப்பாய்வாளர்' என்று சொல்லிக் கொள்வோம். பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம். அவர் செய்யும் வேலை இன்னதென்று தெரிந்தால், தோட்டத்து மக்களாகிய நமக்கு அது அப்படியொன்றும் அந்நியமான வேலையல்ல என்பது விளங்கும்.

கணக்கு உதைத்தது

மாலையில் கிராணி செக்ரோலைக் கூட்டிப் பார்க்கிறார். நிறுவைப் புத்தகத்துக்கும் செக்ரோலுக்கும் இரண்டு கிலோ உதைக்கிறது. "இரண்டு கிலோதானே, போகட்டும்" என்று புத்தகத்தை மூடுகிறவர் ஒருவகை. "யார் பேரில், எந்த நாளில், எந்த நிரையில்?" என்று விளக்கை ஏற்றிக்கொண்டு தேடுகிறவர் இன்னொரு வகை. இணையத் துப்பாய்வாளர் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவர்.

1986ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடந்ததைப் பாருங்கள். அங்கே லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் கிளிஃபர்ட் ஸ்டோல் என்ற வானநூல் அறிஞர் கணினிப் பிரிவில் வேலைக்கு அமர்ந்தார். அந்தக் காலத்தில் கணினியைப் பயன்படுத்துகிறவர்கள், பயன்படுத்திய நேரத்துக்குக் கட்டணம் செலுத்த வேண்டும். அந்தக் கணக்கில் 75 காசு உதைத்தது. வேறு யாராயினும் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் போட்டுக் கணக்கை முடித்திருப்பார்கள். ஸ்டோல் விடவில்லை. தேடிப் பார்த்தபோது, முன்பின் தெரியாத ஒருவன் கணினிக்குள் நுழைந்து, காசு கட்டாமல் பயன்படுத்தியிருப்பது தெரிய வந்தது.

அவனை உடனே விரட்டியடிக்காமல், ஸ்டோல் காத்திருந்து கவனித்தார். வெளியிலிருந்து வரும் தொலைபேசிக் கம்பிகளில் அச்சு இயந்திரங்களைப் பொருத்தி, அவன் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் காகிதத்தில் பதிய வைத்தார். எந்த நேரத்தில் வருகிறான், எதைத் தேடுகிறான் என்றெல்லாம் குறிப்பேட்டில் எழுதினார். அவன் இந்த ஆய்வுக்கூடத்தைப் படிக்கட்டாக வைத்துக்கொண்டு, அமெரிக்க இராணுவக் கணினிகளுக்குள் ஏறிக் கொண்டிருந்தான்! பிறகு ஸ்டோல் பொய்யான 'இரகசியக் கோப்பு'களைத் தயாரித்துத் தூண்டிலில் புழுவைப்போல் வைத்தார். அவற்றைப் படிக்க அவன் நீண்ட நேரம் தங்கினான். அந்த நேரத்தில் கம்பி வழியே தடம் பிடித்தார்கள். தடம் மேற்கு செர்மனியின் ஹனோவர் நகரத்தில் போய் முடிந்தது. மார்க்குஸ் ஹெஸ் என்பது அவன் பெயர். அவனும் கூட்டாளிகளும் திருடிய செய்திகளை சோவியத் நாட்டின் உளவுத்துறைக்கு விற்று வந்தார்கள். 1990இல் செர்மானிய நீதிமன்றம் அவர்களைக் குற்றவாளிகள் என்று தீர்த்தது.

இத்தனையும் எங்கே தொடங்கியது? வெறும் 75 காசில்!

வேலை என்ன?

தோட்டத்து ஜாகா வாசலில் நின்று திருடனைத் தடுக்கிறார். துப்பாய்வாளரின் வேலை வேறு. போன வாரம் பக்கத்துத் தோட்டத்தில் புகுந்தவன் எப்படிப் புகுந்தான், அவன் யாராக இருக்கலாம், எதற்காக வந்தான், அடுத்து எந்த வாசலுக்கு வருவான் என்று ஆராய்ந்து, ஜாகாவுக்கு முன்கூட்டியே சொல்கிறவர் இவர்.

ஒவ்வொரு திருடனுக்கும் ஒரு கை உண்டு. ஒருவன் ஓட்டைப் பிரித்து இறங்குவான். இன்னொருவன் பின்கதவை நெம்புவான். கணினித் திருடர்களும் அப்படியே. ஒரே கருவியைத் திரும்பத் திரும்ப எடுப்பார்கள். ஒரே மாதிரி பொய்க் கடிதம் எழுதுவார்கள். தங்கள் ஊர் வேலை நேரத்தில்தான் நடமாடுவார்கள். இந்தப் பழக்கங்களைச் சேர்த்து வைத்து, ஒப்பிட்டுப் பார்த்து, அறிக்கை எழுதுவதே துப்பாய்வாளரின் அன்றாடப் பணி.

இதில் அவசரம் ஆகாது. 2018இல் தென்கொரியாவின் பியோங்சாங்கில் குளிர்கால ஒலிம்பிக் விளையாட்டுகளின் தொடக்க விழாவன்று கணினிகள் முடக்கப்பட்டன. அந்த நச்சு நிரலில் வடகொரியர்களின் சாயல் இருந்தது. உண்மையில் அது வேண்டுமென்றே பூசப்பட்ட சாயம் என்று ஆய்வாளர்கள் பின்னர் கண்டுபிடித்தார்கள். ரஷ்ய இராணுவ உளவுத்துறையினரே செய்தார்கள் என்று 2020இல் அமெரிக்க அரசு குற்றம் சாட்டியது. அடுத்தவன் செருப்பை மாட்டிக்கொண்டு தடம் பதித்துப் போகும் திருடனை நாம் அறியாதவர்களா?

இதற்கு மருந்தைத் திருவள்ளுவர் என்றோ சொல்லிவிட்டார். 'ஒற்றாடல்' என்று ஓர் அதிகாரமே திருக்குறளில் இருக்கிறது. ஓர் ஒற்றன் கொண்டு வந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும்; ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல்வது ஒத்திருந்தால் ஏற்கலாம் என்பது அதில் உள்ள கருத்து. இன்றைய துப்பாய்வாளர்களுக்குக் கற்பிக்கப்படும் முதல் பாடமும் இதுவே.

நம் நாட்டில்

நம் நாட்டில் இப்பணி சைபர்ஜெயாவில் இயங்கும் 'சைபர்செக்யூரிட்டி மலேசியா' நிறுவனத்தில் நடக்கிறது. அதன் அவசர உதவிப் பிரிவான 'மைசெர்ட்' 1997இல் தொடங்கப்பட்டது. 2017இல் தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் கீழ் 'நாக்சா' எனப்படும் தேசிய இணையப் பாதுகாப்பு நிறுவனம் அமைந்தது. இராணுவத்திலும் இதற்கெனத் தனிப்பிரிவு உண்டு. 2020 டிசம்பரில் இராணுவத்தின் கணினி வலையமைப்பு தாக்கப்பட்டதாக இராணுவமே அறிவித்தது நினைவிருக்கலாம்.

அதே 2020ஆம் ஆண்டு பிப்ரவரியில் மைசெர்ட் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. நம் அரசாங்க அதிகாரிகளைக் குறிவைத்து ஒரு கூட்டம் உளவு வேலை பார்க்கிறது என்பதே அது. பத்திரிகையாளர்போல், இராணுவம் சார்ந்த அமைப்பினர்போல், பொதுநல இயக்கத்தார்போல் மின்னஞ்சல் வரும். அதில் ஒரு பத்திரத்துக்கு இணைப்பு இருக்கும். அதைத் திறந்து, அது கேட்கும் அனுமதியைத் தட்டினால் போதும். கண்ணுக்குத் தெரியாத நிரல் உள்ளே குடியேறிக் கோப்புகளைக் கடத்திவிடும். கோட்டையை இடிக்கவில்லை, வாசற்கதவை நம் கையாலேயே திறக்க வைத்தார்கள்.

அந்தத் திருட்டின் அடையாளங்களையெல்லாம் மைசெர்ட் பட்டியலிட்டு வெளியிட்டது. ஒவ்வோர் அலுவலகமும் தன் கணினியில் அவை இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள முடிந்தது. ஓரிடத்தில் பட்ட அடி, நூறு இடங்களுக்குப் பாடமாயிற்று. துப்பாய்வின் பயன் இதுதான்.

நம் முன்னோர் ஊரான தமிழ்நாட்டிலும் இப்படி ஒன்று நடந்தது. 2019 செப்டம்பர் 4ஆம் தேதி, கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணினி ஒன்றில் நச்சு நிரல் புகுந்திருப்பது இந்தியாவின் கணினி அவசர உதவிக் குழுவுக்குத் தெரிய வந்தது. அக்டோபர் இறுதியில் செய்தி பரவியபோது நிலையத்தார் முதலில் மறுத்தார்கள். மறுநாள் இந்திய அணுமின் கழகம் உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. நிர்வாக வேலைக்கான கணினியில்தான் நிரல் இருந்தது. அணு உலையை இயக்கும் கணினிகள் வெளி இணையத்தோடு சேராமல் தனியே இருந்தன. வீட்டில் அரிசிப் பானையையும் மண்ணெண்ணெய் டின்னையும் தள்ளித் தள்ளி வைக்கிறோமே, அந்த அறிவு ஊரையே காப்பாற்றியது.

தோட்டமும் இதற்குள்தான்

"இதெல்லாம் அரசாங்கக் காரியம், நமக்கென்ன?" என்று கேட்கலாம். 2024 ஆகஸ்டு 26ஆம் தேதி நடைமுறைக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டத்தைப் பாருங்கள். நாடு நிலைகுலையாமல் இருக்க 11 துறைகளைக் கட்டாயம் காக்க வேண்டும் என்று அது வகுத்திருக்கிறது. தற்காப்பு, வங்கி, மருத்துவம், மின்சாரம், தண்ணீர் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் விவசாயமும் தோட்டத்துறையும் இருக்கின்றன! முக்கியக் கணினிகளைப் பொறுப்பில் வைத்திருக்கும் நிறுவனங்கள் தாக்குதல் தெரிந்தவுடன் அறிவிக்க வேண்டும். 6 மணி நேரத்துக்குள் விவரங்களைத் தர வேண்டும் என்பது விதி. நாம் வெட்டும் செம்பனைக் குலையும் நம் சம்பளக் கணக்கும் கணினிக்குள் போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

2025 மார்ச்சில் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தின் கணினிகளைத் தாக்கியவர்கள் ஒரு கோடி அமெரிக்க டாலர் கேட்டார்கள். கொடுக்க முடியாது என்று மறுத்துவிட்டதாகப் பிரதமர் அறிவித்தார். பணம் பறிக்க வருகிறவனுக்கு விமான நிலையமும் ஒன்றுதான், பாமாயில் ஆலையும் ஒன்றுதான்.

நம் பிள்ளைகளால் முடியுமா?

ஷா ஆலம் மாநகரம் நிற்கும் மண் ஒரு காலத்தில் சுங்கை ரெங்கம் தோட்டம். புத்ராஜெயா நிற்கும் மண் பிராங் புசார் தோட்டம். நம் பாட்டன் பாட்டி பால்மரம் சீவிய மண்ணில்தான் இன்று நாட்டின் அலுவலகங்கள் எழுந்து நிற்கின்றன. அந்த அலுவலகங்களில் நம் பிள்ளைகளுக்கு நாற்காலி உண்டா என்பதே இந்த வட்டாரத்தில் பாடம் நடத்தும் என்போன்றோரின் கவலை.

கணினி வேலையென்றால் மேதைகளுக்கே உரியது என்று பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். கணிதமும் கணினி அறிவும் கட்டாயம் வேண்டும். அதில் சலுகை இல்லை. ஆனால் அவற்றுக்கு இணையாக வேண்டியது கவனமாகப் படிக்கும் பழக்கம். 2016 பிப்ரவரியில் வங்காளதேச மத்திய வங்கியின் பணத்தைத் திருடர்கள் கணினி வழியே கடத்தினார்கள். 8 கோடியே 10 இலட்சம் அமெரிக்க டாலர் பிலிப்பைன்ஸ் நாட்டுக்குப் போய்விட்டது. இலங்கைக்கு அனுப்பிய 2 கோடி டாலர் மட்டும் தப்பியது. எப்படி? 'ஃபவுண்டேஷன்' என்ற சொல்லைத் திருடர்கள் 'ஃபாண்டேஷன்' என்று பிழையாக எழுதியிருந்தார்கள். அது வழியிலிருந்த வங்கியின் கண்ணில் பட்டது. எழுத்துப் பிழைக்குச் சிவப்பு மையில் கோடு போடும்போது முகம் சுளிக்கும் மாணவர்களுக்கு நான் சொல்லும் கதை இது.

இன்னொரு செல்வமும் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மூன்று மொழிகளில் அவர்கள் வளர்கிறார்கள். பல மொழிகளில் வரும் பொய்க் கடிதங்களைப் பிரித்தறியும் வேலையில் இது சிறிய பலமன்று. மூன்றையும் அரைகுறையாக விடாமல் முழுமையாகக் கற்பிக்க வேண்டும். எஸ்.பி.எம். தேர்வில் கணிதத்தையும் அறிவியலையும் கைவிடாத மாணவருக்கு வழி திறந்திருக்கிறது. சுங்கை பீசியில் உள்ள தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகம் கணினிப் பாதுகாப்பில் பட்டப்படிப்பே நடத்துகிறது. வேறு பல்கலைக்கழகங்களிலும் இப்பாடம் உண்டு.

இவ்வேலையின் கடினத்தையும் மறைக்கக் கூடாது. சினிமாவில் வருவதுபோல் பரபரப்பு இருக்காது. நாள் முழுதும் எண்களையும் எழுத்துகளையும் பார்த்துக் கண் பூத்துப் போகும். இரவு வேலை உண்டு. 1972ஆம் ஆண்டின் அதிகாரத்துவ இரகசியச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் ஆதலால், பார்த்ததைப் பெற்ற தாயிடமும் சொல்ல முடியாது. பாராட்டு விழா, மாலை, மரியாதை எதுவும் எதிர்பார்க்க முடியாது.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. விளையாட்டாக அடுத்தவர் கணினிக்குள்ளோ கைப்பேசிக் கணக்குக்குள்ளோ நுழைந்து திறமை காட்டும் பிள்ளைகள் இருக்கிறார்கள். 1997ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டப்படி அனுமதியின்றி நுழைவதற்கு 50,000 வெள்ளி வரை அபராதமோ, ஐந்தாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். குற்றப் பதிவு விழுந்த பிள்ளையைத் தற்காப்பு வேலைக்கு யார் எடுப்பார்? பூட்டைத் திறக்கும் வித்தை ஒன்றுதான். பயன்படுத்தும் இடம் பொறுத்து ஒருவன் காவலனாகிறான், ஒருவன் கைதியாகிறான். கெட்டிக்காரப் பிள்ளையைத் திட்டி மூலையில் உட்கார வைக்காமல், நல்வழியில் திருப்பி விடுவது பெற்றோர் கடமை.

வீட்டிலிருந்தே தொடங்கலாம்

பெற்றோர்களே, துப்பாய்வு வீட்டிலும் நடக்கலாம். கைப்பேசிக்குப் பரிசு விழுந்ததாகவும், நீதிமன்ற வழக்கு இருப்பதாகவும் செய்தி வந்தால், பிள்ளையை அருகில் உட்கார வைத்துச் சேர்ந்து படியுங்கள். யார் அனுப்பியது? எழுத்துப் பிழை உண்டா? ஏன் இத்தனை அவசரப்படுத்துகிறான்? வேறு வழியில் விசாரித்தால் இதே பதில் வருமா? இந்த நான்கு கேள்விகளும் சைபர்ஜெயாவில் கேட்கப்படும் கேள்விகளின் தம்பி தங்கைகளே.

ஏமாந்து பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மூடி மறைக்காதீர்கள். உடனே வங்கிக்கும், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணுக்கும் அழையுங்கள். மற்ற இணையத் தாக்குதல்களுக்கு 'சைபர் 999' சேவை இருக்கிறது. நீங்கள் சொல்லும் ஒரு சிறு செய்திதான் அங்கே அமர்ந்திருக்கும் ஒருவருக்கு அன்றைய 75 காசாக அமையும். அந்த நாற்காலியில் நாளை உங்கள் வீட்டுப் பிள்ளையும் அமரட்டும். அதற்கு, கணக்கு உதைக்கும்போது "போகட்டும்" என்று விடாமல் திரும்பக் கூட்டிப் பார்க்க இன்றே பழக்குங்கள்.