எறிகிற கை தெரிகிறது, ஆள் எப்படி?

2022 ஜூலையில் அமெரிக்கக் கால்பந்தின் அரிசோனா கார்டினல்ஸ் அணி, பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் தன் குவார்ட்டர்பேக் கைலர் மர்ரேயுடன் 23.05 கோடி டாலருக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டது. அதில் ஒரு விதி இருந்தது: ஆட்டம் உள்ள ஒவ்வொரு வாரமும், அணி தரும் ஆட்ட வீடியோக்களையும் குறிப்புகளையும் அவர் தனியாக நான்கு மணி நேரமாவது படிக்க வேண்டும். டிவி பார்த்துக்கொண்டோ வீடியோ கேம் ஆடிக்கொண்டோ படித்தால் கணக்கில் சேராது. செய்தி கசிந்ததும் ஊரே சிரித்தது. சில நாட்களில் விதியை நீக்கிவிட்டார்கள்.

கல்லூரி வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2019-ல் மர்ரேயை முதல் ஆளாக எடுத்ததும் இதே அணிதான். மூன்று பருவங்கள் பக்கத்திலேயே வைத்திருந்தும் பையன் பாடம் படிக்கிறானா என்ற சந்தேகம் அவர்களுக்குத் தீரவில்லை. அப்படியிருக்க, கல்லூரியிலிருந்து வெளியே வரும் இளைஞனின் குணத்தை டிராஃப்டுக்கு முன்பே எப்படி எடைபோடுவது?

அமெரிக்கக் கால்பந்தின் என்எஃப்எல் லீகில் 32 அணிகள். டிராஃப்ட் என்பது ஐபிஎல் ஏலம் போலப் பணம் காட்டி எடுப்பதல்ல. சென்ற பருவத்தில் மோசமாகத் தோற்ற அணிக்கு முதல் வாய்ப்பு, மற்றவை வரிசையாகப் பின்னால், ஏழு சுற்றுகள். குவார்ட்டர்பேக்கைத் தவறாக எடுத்த அணி மீள்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும். ஏனெனில் அணியின் தாக்குதல் ஏறக்குறைய முழுவதும் அவர் கை வழியாகத்தான் நடக்கிறது. பந்து வந்த இரண்டு மூன்று நொடிக்குள் யாருக்கு எறிவது என்று முடிவெடுக்க வேண்டும். எதிரணியின் தடுப்பு எப்படி நகரும் என்பதை வாரம் முழுக்க வீடியோவில் பார்த்து வைத்திருந்தால்தான் அது முடியும். ஆகவே இங்கே உழைப்பைத் திறமையிலிருந்து பிரித்துப் பார்க்க வழியில்லை.

அணிகளுக்கு ஆள் தேடும் ஸ்கௌட்டுகள் கல்லூரி கல்லூரியாகப் போய் விசாரிக்கிறார்கள். தலைமைப் பயிற்சியாளர் தன் பையனைப் புகழத்தான் செய்வார்; தன்னிடம் வந்தவன் முதல் சுற்றில் போனான் என்பது அடுத்த ஆண்டு ஆள் சேர்க்க அவருக்கு உதவும். விவரமான ஸ்கௌட் உடற்பயிற்சிக் கூடத்துக்காரரிடமும், சீருடையும் தளவாடமும் பார்த்துக்கொள்பவரிடமும், படிப்பு ஆலோசகரிடமும் பேசுவார். தனக்கு எந்த லாபமும் தர முடியாதவர்களிடம் ஒருவன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதற்கு இவர்களைவிட நல்ல சாட்சி இல்லை.

பிறகு டிராஃப்டுக்கு வருபவர்களைச் சோதிக்க இண்டியானாபோலிஸில் நடக்கும் கம்பைன் முகாம். அங்கே ஓர் அணிக்குக் கிடைப்பது சுமார் இருபது நிமிட நேர்காணல். பதில்களை ஏஜென்ட்கள் முன்கூட்டியே சொல்லிக்கொடுத்து அனுப்புகிறார்கள். அதிலும் உபயோகமான கேள்வி ஒன்று உண்டு: அவன் சொதப்பிய ஓர் ஆட்டத்தைத் திரையில் ஓடவிட்டு, என்ன நடந்தது என்று கேட்பது. பந்தைப் பிடிக்காதவன் மேல் பழி போடுகிறானா, தான் எதைக் கவனிக்கத் தவறினான் என்று சொல்கிறானா?

எழுத்துத் தேர்வுகள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 12 நிமிடத்தில் 50 கேள்வி கேட்கும் வொண்டர்லிக் தேர்வை 2022-ல் கைவிட்டார்கள். மறு ஆண்டு குவார்ட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரவுட் இன்னொரு அறிவுத்திறன் தேர்வில் மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கினார் என்று கசிந்தது. அந்தப் பருவத்தின் சிறந்த புதுமுகத் தாக்குதல் வீரர் விருது ஸ்ட்ரவுட்டுக்கே போனது.

குணம் பற்றிய பேச்சில் எப்போதும் எடுத்துக்காட்டப்படுவது 1998 டிராஃப்ட். முதலில் எடுக்க வேண்டிய குவார்ட்டர்பேக் பேட்டன் மேனிங்கா, ரயன் லீஃபா என்று அமெரிக்காவே விவாதித்தது. லீஃப் எடை கூடிப்போய்க் கம்பைனுக்கு வந்தார். முதல் வாய்ப்பு வைத்திருந்த இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸுடனான சந்திப்பைத் தவறவிட்டார். கோல்ட்ஸ் மேனிங்கை எடுத்தது. அடுத்ததாக லீஃபை எடுத்த சான் டியேகோ சார்ஜர்ஸ், மூன்றாம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு ஏறவே பெரும் விலை கொடுத்திருந்தது. லீஃப் தன் முதல் பருவத்தில் கன்சாஸ் சிட்டியில் 15 முறை எறிந்து ஒரே ஒரு முறை வெற்றி கண்டார். கிடைத்தது 4 யார்டு. அதன்பின் உடைமாற்றும் அறையில் ஒரு நிருபரைப் பார்த்துக் கத்தியது நாடு முழுக்க ஒளிபரப்பானது.

ஒழுக்கமானவன் ஜெயித்தான், மற்றவன் தோற்றான் என்று இந்தக் கதையை முடித்துவிடுவது வழக்கம். ஆனால் அதே முதல் பருவத்தில் மேனிங்கும் தோற்றார். அவர் எறிந்ததில் 28 பந்துகளை எதிரணி பறித்தது. அணி 16 ஆட்டங்களில் 13-ஐ இழந்தது. மறு ஆண்டு அதே அணி 13 ஆட்டங்களை வென்றது. தோல்வியை ஒருவன் எப்படித் தாங்குகிறான் என்பதே அணிகளுக்குத் தெரிய வேண்டியது. கல்லூரி நட்சத்திரங்களில் பலர் அதுவரை பெரிதாகத் தோற்றதே இல்லை. அதனால்தான் ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு எல்.எஸ்.யு. பல்கலைக்கழகத்துக்கு மாறி எழுந்த ஜோ பர்ரோ போன்றவர்களின் பழைய சறுக்கலை நான் குறையாகப் பார்க்கமாட்டேன். சின்சினாட்டி அணி அவரை 2020-ல் முதல் ஆளாக எடுத்தது.

குணம் என்ற பெயரில் வேறு சிலவும் உள்ளே நுழையும். குவார்ட்டர்பேக் இடத்துக்கு வேண்டிய மூளை கறுப்பின வீரர்களுக்கு இல்லை என்ற எண்ணம் இந்த விளையாட்டில் பல பத்தாண்டுகள் கோலோச்சியது. 1978-ல் கறுப்பின குவார்ட்டர்பேக் வாரன் மூனை எந்த அணியும் டிராஃப்டில் எடுக்கவில்லை. கனடாவுக்குப் போய் ஆடித் திரும்பியவர் 2006-ல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார். 2011-ல் இன்னொரு கறுப்பின குவார்ட்டர்பேக்கான கேம் நியூட்டனின் சிரிப்பே போலி என்று ஒரு டிராஃப்ட் விமர்சகர் எழுதினார். 2015-ல் அந்த நியூட்டன் லீகின் மிகச் சிறந்த வீரர். சிரிப்பை அளக்க யாரிடம் கருவி இருக்கிறது?

2025 ஏப்ரலில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக் ஷெடூர் சாண்டர்ஸ் முதல் சுற்றில் போவார் என்று பலர் கணித்தார்கள். ஐந்தாம் சுற்றில், 144-ஆவது ஆளாகத்தான் போனார். நேர்காணல்களில் அலட்சியமாக இருந்தார் என்று பெயர் சொல்லாத அணி அதிகாரிகள் செய்தியாளர்களிடம் சொன்னார்கள். அப்படியெல்லாம் இல்லை என்று அவர் பக்கத்தினர் சொன்னார்கள். அவருடைய கல்லூரிப் பயிற்சியாளர் அவர் தந்தை டியான் சாண்டர்ஸ். கடைசியில் அவரை எடுத்த கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ், முந்தைய நாள்தான் மூன்றாம் சுற்றில் டில்லன் கேப்ரியல் என்ற இன்னொரு குவார்ட்டர்பேக்கை எடுத்திருந்தது.