குளிர் தரும் வாயு

காரைக்கால் வட்டாரத்தின் வடபகுதியில், வங்கக் கடலையடுத்து அமைந்துள்ளது கோட்டுச்சேரி. இங்கு ஒருபுறம் நெல் விளையும் வயல்களும், மற்றொரு புறம் மீனவர் வாழும் கடற்கரையும் உள்ளன. இப்பகுதியின் காற்றில் ஈரமும் உப்பும் எந்நாளும் கலந்திருக்கும். சித்திரை, வைகாசித் திங்களில் வெயிலின் கொடுமையோடு இவ்வீரமும் சேர்ந்துகொள்வதால், உடலில் அரும்பும் வியர்வை உலராமல் மக்கள் வருந்துவர். அக்காலத்தில் நெடுந்தொலைவு செல்வோர்க்கும், நோயாளரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோர்க்கும் காரிலுள்ள குளிர்சாதனம் பெருந்துணையாகும்.

எங்கள் இல்லத்தில் இருபது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கார் ஒன்று உண்டு. ஒரு கோடையில் அதன் குளிர்சாதனம் வெறுங்காற்றையே வீசிற்று. அதனைப் பட்டறை ஒன்றிற்குக் கொண்டு சென்றோம். அங்கிருந்தோர், "கேஸ் தீர்ந்துவிட்டது" என்று கூறிப் புதிதாக நிரப்பித் தந்தனர். குளிர் வந்தது, மகிழ்ந்தோம். ஆனால், அடுத்த கோடைக்குள் குளிர் மீண்டும் நின்றது, மீண்டும் நிரப்பினோம். இவ்வாறே மூன்று முறை நிகழ்ந்தது. பெட்ரோல் எரிந்து தீர்வதுபோல இவ்வாயுவும் பயன்படப் பயன்படத் தீரும் போலும் என்று நானும் எண்ணியிருந்தேன்.

நான்காம் முறை, எங்கள் ஊரிலேயே பட்டறை வைத்திருக்கும் இளைஞர் ஒருவரிடம் சென்றேன். அவர் பள்ளியில் என்னிடம் தமிழ் பயின்றவர். நிகழ்ந்தவற்றையெல்லாம் கேட்டபின் அவர், "ஐயா, இந்தக் கேஸ் எரிந்து தீரும் பொருள் அன்று. அது குறைந்தால், எங்கோ கசிகிறது என்பதே பொருள். கசியும் இடத்தைக் கண்டு அடைக்காமல் நான் நிரப்பமாட்டேன்" என்றார். முன்னாள் மாணாக்கர் அன்று எனக்கு ஆசிரியர் ஆனார். அவர் கூறியது உண்மையே என்பதை உணர வேண்டுமாயின், குளிர்சாதனம் இயங்கும் முறையை நாம் முதலில் அறிதல் வேண்டும்.

மண்பானையில் ஊற்றிய நீர் குளிர்ந்திருப்பதை நாம் அனைவரும் அறிவோம். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர், வெளிப்புறத்தில் ஆவியாக மாறுகிறது. நீர்மம் ஆவியாவதற்கு வெப்பம் தேவை. அவ்வெப்பத்தைப் பானையிலிருந்தும், அதனுள் இருக்கும் நீரிலிருந்தும் அது கவர்ந்துகொள்கிறது. ஆதலின் உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. காரின் குளிர்சாதனமும் இவ்விதியைக் கொண்டே இயங்குகிறது. பானையில் ஆவியான நீர் காற்றோடு கலந்து போய்விடும். குளிர்சாதனத்திலோ, ஆவியான பொருளை மீண்டும் நீர்மமாக்கித் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவர். இதுவே இரண்டிற்கும் உள்ள வேறுபாடு.

இதற்கென நான்கு முதன்மையான உறுப்புகள் உள்ளன. எஞ்சினால் சுழற்றப்படும் கம்ப்ரசர், வாயுவை அழுத்துகிறது. அழுத்தத்தால் வாயு மிகுந்த சூடடைகிறது. பின்னர் அது, வண்டியின் முகப்பில் உள்ள கண்டன்சர் என்னும் வளைகுழாய்த் தொகுதிக்குச் செல்கிறது. அங்கே எதிர்க்காற்றிற்குத் தன் வெப்பத்தைக் கொடுத்துவிட்டு நீர்மமாக மாறுகிறது. அடுத்து, வால்வு ஒன்றின் மிகச் சிறிய துளை வழியே அது பாய்கிறது. அப்பொழுது அதன் அழுத்தம் திடீரெனக் குறைகிறது. முடிவாக, வண்டியினுள்ளே அமைந்த கூலிங் காயிலில் அந்நீர்மம் ஆவியாகிறது. உள்ளிருக்கும் காற்றின் வெப்பத்தைக் கவர்கிறது. அவ்வாறு குளிர்ந்த காற்றே விசிறியால் நம்மேல் வீசப்படுகிறது. ஆவியான வாயு மீண்டும் கம்ப்ரசரை அடைகிறது.

இருபது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட கார்களில் பெரும்பாலும் உள்ளது ஆர்-134ஏ என்னும் வாயு. இயல்பான காற்றழுத்தத்தில் இது சுழியத்திற்குக் கீழே 26 பாகை செல்சியசில் கொதிக்கும். ஒரு சிறிய காரில் இருப்பது ஏறத்தாழ அரைக் கிலோ அளவே. அது மூடிய குழாய்களுக்குள் ஓயாது சுற்றி வருகிறது. எரிவதும் இல்லை, தேய்வதும் இல்லை. ரப்பர்க் குழாய்களின் வழியே பல்லாண்டுகளில் மிகச் சிறிதளவு குறைதல் இயல்பு. ஓராண்டிற்குள் குளிரே வாராத அளவிற்குக் குறையுமாயின், கசிவு உண்டு என்பது தெளிவு. வாயுவோடு கலந்து சுற்றும் எண்ணெயே கம்ப்ரசரின் தேய்மானத்தைத் தடுப்பது. கசிவினால் அவ்வெண்ணெயும் குறைந்து கம்ப்ரசர் பழுதாவதும் உண்டு.

கசிவு எவ்விடத்தில் நேரும்? குழாய்கள் இணையுமிடத்தில் உள்ள ரப்பர் வளையங்கள் நாளடைவில் இறுகி வெடிக்கும். வண்டியின் அதிர்ச்சியால் இணைப்புகள் தளரும். எங்கள் ஊர் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று, கண்டன்சரின் மெல்லிய அலுமினியத்தைச் சிறிது சிறிதாக அரித்துவிடும். எங்கள் காரில் நேர்ந்ததும் அதுவே. கண்டன்சரின் கீழ்மூலையில் எண்ணெய்க் கறையும், அதன்மேல் படிந்த புழுதியும் காணப்பட்டன. அவ்விடத்தில் சோப்பு நீரைத் தடவியபொழுது சிறு குமிழிகள் எழுந்தன. மூன்றாண்டுகளாக நாங்கள் கொடுத்த பணம் அத்துளை வழியேதான் வெளியேறியது.

பழுதை நீக்கிப் புதிதாக நிரப்பும் முறையிலும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில், குழாய்களில் எஞ்சியிருக்கும் வாயுவைக் காற்றில் விட்டுவிடாமல், அதற்குரிய கருவியால் உருளையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பின்னர்க் கசிந்த உறுப்பையும் பழைய வளையங்களையும் மாற்ற வேண்டும். ஈரத்தை உறிஞ்சும் உலர்த்திக் குப்பியையும் புதிதாக இடுதல் நன்று. இதன்பின், குழாய்களிலுள்ள காற்றை வாக்குவம் பம்பினால் அரைமணி நேரத்திற்குக் குறையாமல் வெளியேற்ற வேண்டும். காற்று நீங்கி அழுத்தம் மிகக் குறையும்பொழுது, உள்ளே ஒட்டியிருக்கும் ஈரமும் ஆவியாகி வெளியேறும். ஈரம் தங்கினால், அது வால்வின் சிறுதுளையில் உறைந்து வழியை அடைக்கும். அமிலம் தோன்றி உறுப்புகளை அரிக்கவும் செய்யும். பம்பை நிறுத்திய பின்னும் அளவுமானியின் முள் அசையாது நின்றால், கசிவு அடைபட்டது என்று ஓரளவு நம்பலாம்.

அதன்பின்னரே வாயுவை நிரப்ப வேண்டும். அதனையும் கைம்மதிப்பால் நிரப்பாமல், தராசில் நிறுத்து நிரப்புதல் வேண்டும். எத்தனை கிராம் தேவை என்பது எஞ்சின் மூடியின் அருகே ஒட்டப்பட்ட சீட்டில் குறிக்கப்பட்டிருக்கும். அளவு குறைந்தால் குளிர் குறையும். மிகுந்தாலும் அழுத்தம் கூடிக் குளிர் குறைவதோடு கம்ப்ரசரும் கெடும். பீறிடும் வாயு தோலிலோ கண்ணிலோ பட்டால் உறைபுண் உண்டாகும். ஆதலின் இவ்வேலை பயிற்சி பெற்றோர்க்கே உரியது. செலவைக் குறைக்க எண்ணிச் சமையல் எரிவாயுவை நிரப்புதல் பெருந்தீங்கு. ஒரு சிறு கசிவே காரைத் தீக்கிரையாக்கிவிடும்.

இவ்வளவு கவலை, நம் பணத்திற்காக மட்டும் அன்று. வெளியேறிய வாயு வானத்தில் என்ன செய்கிறது என்பதையும் நாம் எண்ணுதல் வேண்டும். பழங்காலக் குளிர்சாதனங்களில் அம்மோனியா, கந்தக டையாக்சைடு போன்ற நச்சு வாயுக்களே இருந்தன. அவற்றிற்கு மாற்றாக, அமெரிக்க நாட்டுத் தாமஸ் மிட்ஜ்லி என்பவரும் அவருடைய துணைவரும் 1928ஆம் ஆண்டில் குளோரோஃபுளூரோகார்பன் வகை வாயுக்களைத் தேர்ந்தெடுத்தனர். அவ்வகையைச் சேர்ந்த ஆர்-12 நச்சும் அற்றது, தீயும் பற்றாதது. பின்னாளில் கார்களிலும் அதுவே நிரப்பப்பட்டது. மக்கள் அதனைக் குற்றமற்ற பொருள் என்றே கருதினர். ஆனால், 1974ஆம் ஆண்டில் மோலினா, ரோலண்டு என்னும் அறிஞர் இருவர் அதன் தீமையை வெளிப்படுத்தினர். அவ்வாயு மேல்வானத்தை அடைந்து சிதைகிறது என்றும், அதிலிருந்து பிரியும் குளோரின், கதிரவனின் புற ஊதாக் கதிர்களைத் தடுத்து நம்மைக் காக்கும் ஓசோன் படலத்தை அழிக்கிறது என்றும் காட்டினர்.

இவ்வாயுவின் மற்றொரு தீமையைக் கண்டவர் நம் நாட்டவரே. சிதம்பரத்திலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்று 1965ஆம் ஆண்டில் பட்டம் பெற்றவர் வீரபத்ரன் இராமநாதன். சிதம்பரம் எங்கள் ஊருக்கு வடக்கே சில மணி நேரப் பயணத்தில் உள்ளது. அவருடைய முதற்பணி, செகந்திராபாத்தில் குளிர்பதனப் பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அமைந்தது. பெட்டிகளிலிருந்து வாயு ஏன் கசிகிறது என்று ஆராய்வதே அவருக்கு இடப்பட்ட வேலை. பின்னர் அமெரிக்கா சென்று ஆய்வாளரான அவர், அதே வாயு வானில் என்ன செய்கிறது என்பதை ஆராய்ந்தார். அது கரியமில வாயுவைவிடப் பன்மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உலகைச் சூடாக்குகிறது என்று 1975ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஆர்-12 இத்தன்மையில், எடைக்கு எடை, கரியமில வாயுவினும் 10,000 மடங்கிற்கும் மேற்பட்டது. தொழிற்சாலையில் சிறு கசிவென்று தோன்றியது, உலகைச் சூழ்ந்த பெருங்கேட்டின் ஒரு பகுதி என்பதை அவரே உலகிற்கு உணர்த்தினார்.

தென்துருவத்தின் மேல் ஓசோன் படலம் மிக மெலிந்திருப்பது 1985ஆம் ஆண்டில் வெளியாயிற்று. உலக நாடுகள் விழித்துக்கொண்டன. 1987ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள், கனடா நாட்டு மாண்ட்ரியல் நகரில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. இந்தியா 1992ஆம் ஆண்டில் அதில் சேர்ந்தது. 2010ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சில மருந்துத் தேவைகள் நீங்கலாக, அவ்வாயுக்களைக் கைவிட்டது. ஓசோன் படலமும் மெல்ல மெல்லத் தேறி வருகிறது. பல நாடுகள் ஒரு மனப்பட்டால் வானத்தின் புண்ணையும் ஆற்றலாம் என்பதற்கு இது சான்று.

ஆர்-12க்கு மாற்றாக வந்த ஆர்-134ஏ, ஓசோனை அழிப்பதில்லை. ஆயினும், உலகைச் சூடாக்குவதில் நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 1,400 மடங்கு வலியது. எங்கள் காரிலிருந்து அரைக் கிலோ வாயு வெளியேறுவது, ஏறத்தாழ 700 கிலோ கரியமில வாயுவை வெளிவிடுவதற்குச் சமம். 300 லிட்டர் பெட்ரோலை எரித்தாலும் அவ்வளவே உண்டாகும். ஒன்றும் அறியாமல் நாங்கள் மூன்று முறை அவ்வாறு செய்தோம். இவ்வகை வாயுக்களையும் படிப்படியாகக் குறைக்க 2016ஆம் ஆண்டில் ருவாண்டா நாட்டுக் கிகாலி நகரில் உலக நாடுகள் உடன்பட்டன. 2032ஆம் ஆண்டு முதல் குறைக்கத் தொடங்கி, 2047ஆம் ஆண்டிற்குள் 85 விழுக்காடு குறைப்பதாக இந்தியாவும் இசைந்துள்ளது.

நோயின் காரணத்தை ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்தல் வேண்டும் என்பது வள்ளுவர் காட்டிய நெறி. அந்நெறி பட்டறைக்கும் பொருந்தும். ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவோரைக் கண்டு நாம் நகைக்கிறோம். கண்ணுக்குப் புலனாகாத வாயுவாயின் நாமும் அதனையே செய்கிறோம். உலகம் சூடேறிக் கடல் உயருமாயின், முதலில் துன்புறுவது கோட்டுச்சேரி போன்ற தாழ்ந்த கரைகளே. ஆதலால், உங்கள் இல்லத்துக் காரிலோ குளிர்பதனப் பெட்டியிலோ குளிர் குறைந்தால், "நிரப்புங்கள்" என்று சொல்லுமுன், "எங்கே கசிகிறது?" என்று கேளுங்கள். அக்கண்டன்சரை மாற்றிய பின் எங்கள் காரில் இரண்டு கோடைகள் கழிந்துவிட்டன. இன்றும் அது குளிர்ந்த காற்றையே தருகிறது.