பட்டிக்கும் களத்துக்கும் காவல் கேமரா
வாங்கும் முன் விவசாயிகள் அறிய வேண்டியவை

இராமநாதபுரம் மாவட்டத்தில் மானாவாரி விவசாயிக்கு ஆடுதான் சேமிப்பு. மழை பொய்த்த ஆண்டில் குடும்பத்தைத் தாங்குவது பட்டியில் நிற்கும் பத்து உருப்படிகளே. அதுபோல மாசி, பங்குனியில் களத்தில் காயும் முண்டு மிளகாய் வத்தல் ஓராண்டு உழைப்பு. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு இது. இவற்றுடன் மோட்டார் கேபிளையும் காக்க இப்போது சிறு விவசாயிகளும் கேமரா வைக்கத் தொடங்கியுள்ளனர். திட்டமின்றி வைத்தால் திருட்டுப் போன பிறகு மங்கலான உருவம் ஒன்றுதான் மிஞ்சும். போட்ட பணமும் வீணாகும்.

முதலில் நடந்து பாருங்கள்

கடைக்குப் போகும் முன் நிலத்தைச் சுற்றி ஒருமுறை நடக்க வேண்டும். வண்டி எதுவரை வரும், வேலி எங்கே தாழ்ந்துள்ளது, பட்டியின் படல் எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்த்து ஒரு தாளில் வரைந்து கொள்ளவும். ஆட்டையோ மூட்டையோ தூக்கியவன் வண்டி நிற்கும் இடத்திற்கு வந்தே தீர வேண்டும். ஆகவே முதல் கேமரா வண்டிப் பாதைக்கும், இரண்டாவது பட்டி அல்லது களத்து வாசலுக்கும் என்று வைத்துக் கொள்வது நல்லது.

ஒரே கேமராவில் எல்லாம் தெரியாது

இரண்டு ஏக்கரையும் ஒரே கேமராவில் பார்க்கலாம் என்று சிலர் நினைக்கின்றனர். சாதாரண 2 மெகாபிக்சல் கேமராவின் படம் குறுக்கே 1,920 புள்ளிகள் கொண்டது. முன்பின் தெரியாதவரின் முகத்தை அடையாளம் காண ஒரு மீட்டர் அகலத்திற்கு 250 புள்ளிகள் வேண்டும் என்பது சர்வதேச அளவுகோல். அப்படியானால் படத்தின் மொத்த அகலம் சுமார் 7.5 மீட்டர், அதாவது 25 அடிக்கு மேல் போகக் கூடாது. தெரிந்த ஆளை இன்னார் என்று சொல்ல 50 அடி அகலம் வரை போதும். அதற்கு மேல் அகன்றால் ஆள் நடமாட்டம் மட்டுமே தெரியும்.

2.8 மி.மீ. லென்ஸ் உள்ள கேமரா முகத்தைத் தெளிவாகக் காட்டுவது 3 முதல் 4 மீட்டர் தூரம் வரைதான். 6 மி.மீ. லென்ஸ் 7 முதல் 8 மீட்டர் வரை காட்டும். வாசலுக்கு முகம் காட்டும் கேமராவும், களம் முழுவதற்கும் நடமாட்டம் காட்டும் கேமராவும் தனித்தனியே இருக்க வேண்டும்.

உயரமும் திசையும்

வாசல் கேமராவை 8 அடி உயரத்தில் பொருத்தலாம். பனை உயரத்தில் வைத்தால் தலைப்பாகைதான் தெரியும். கிழக்கு, மேற்குப் பார்த்து வைத்தால் காலை மாலை வெயில் நேரே விழுந்து படம் கெடும். வடக்கு அல்லது தெற்கு நோக்கி வைப்பது மேல். கேமராவின் முன் சீமைக்கருவேலங் கிளை ஆடினால் இரவெல்லாம் கைப்பேசியில் பொய் எச்சரிக்கை வரும். நாலு நாளில் நாமே அதை அணைத்து விடுவோம். கிளையை முன்கூட்டியே கழித்து விடவும். சிலந்தி வலையும் புழுதியும் இரவில் கேமராவின் ஒளியைத் திருப்பி அடித்துப் படத்தை வெளுக்கச் செய்யும். வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும்.

உப்புக் காற்று

மண்டபம், பாம்பன், இராமேஸ்வரம் கரையில் இரும்புக்கு ஆயுள் குறைவு. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்திற்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் தனிக் காப்புப் பூச்சும் தேவைப்பட்டன. ஆகவே கடலோர விவசாயிகள் துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளையே கேட்டு வாங்க வேண்டும். கேமரா ஐ.பி. 66 அல்லது 67 தரமுள்ளதாக இருக்கட்டும். பெரும்பாலும் முதலில் கெடுவது வயர் இணைப்புதான். அதை மூடிய பெட்டிக்குள் வைத்து, வயர் துளை கீழ்ப்பக்கம் இருக்கும்படி அமைக்கவும்.

மின்சாரம் இல்லாத புஞ்சையில்

5 வாட் கேமராவுக்கு ஒரு நாளைக்கு 120 வாட்-மணி மின்சாரம் வேண்டும். 40 வாட் சூரியத் தகடு நல்ல வெயிலில் இதை ஈடுகட்டும். ஐப்பசி, கார்த்திகை மூட்டத்திற்கு 60 வாட் போடுவது நல்லது. 12 வோல்ட், 40 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பாட்டரியைப் பாதிக்கு மேல் இறக்காமல் பயன்படுத்தினால் இரண்டு நாள் தாங்கும். சிம் கார்டு கேமரா வாங்குவோர், எந்த நிறுவனத்தின் சிக்னல் புஞ்சையில் கிடைக்கிறது என்பதை இரவில் நின்று பார்த்துவிட்டு வாங்கவும்.

பதிவு எத்தனை நாள் இருக்கும்?

விநாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு கேமரா நாளொன்றுக்குச் சுமார் 22 ஜி.பி. இடம் எடுக்கும். 128 ஜி.பி. கார்டு ஐந்தாறு நாளில் நிறைந்து பழைய பதிவு அழிந்துவிடும். எனவே திருட்டு தெரிந்த அன்றே பதிவை நகல் எடுக்க வேண்டும். கேமராவைப் பிடுங்கினால் கார்டும் போய்விடும். முடிந்தவர்கள் பதிவுப் பெட்டியை வீட்டினுள் மறைவாக வைக்கலாம்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவுப்படி, மின்னணுப் பதிவின் நகலை நீதிமன்றத்தில் தரும்போது சான்றிதழும் இணைக்க வேண்டும். ஆகவே மூலப் பதிவை அழிக்காமல், பெட்டியில் தேதியும் நேரமும் சரியாக உள்ளனவா என்று மாதம் ஒருமுறை பார்த்து வரவும். கேமராவுடன் வரும் பொதுக் கடவுச்சொல்லையும் முதல் நாளே மாற்றிவிட வேண்டும்.

அக்கம்பக்கம்

கேமரா பக்கத்து வீட்டு முற்றத்தையோ, பெண்கள் குளிக்கும் இடத்தையோ பார்க்கக் கூடாது. அப்படிப் படமெடுப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவின்படி குற்றமாகலாம். வைக்கும் முன் பக்கத்து நிலத்தாரிடம் சொல்லிவிடவும். இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் ஊர்ப் பாதைக்கு ஒரு பொதுக் கேமராவே வைத்துக் கொள்ளலாம்.

தனியே விரட்ட வேண்டாம்

2021 நவம்பர் 21 அதிகாலையில் ஆடு திருடர்களை விரட்டிச் சென்ற திருச்சி நவல்பட்டு காவல் நிலையச் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன், புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் அருகே வெட்டிக் கொல்லப்பட்டார். காவல் துறையினருக்கே இந்தக் கதி என்றால், எச்சரிக்கை மணி கேட்டதும் அரிவாளோடு தனியே இருட்டில் ஓடுவது எவ்வளவு ஆபத்து? விளக்கைப் போடுங்கள், அக்கம்பக்கத்தாரைச் சத்தம் போட்டு எழுப்புங்கள், 112-க்குப் பேசுங்கள். ஆட்டை மீண்டும் வாங்கிக் கொள்ளலாம்.

சோதனை

பொருத்தி முடிந்ததும் அன்றிரவே வீட்டு ஆள் ஒருவரைத் துண்டு போர்த்தி வாசல் வழியே நடக்கச் சொல்லுங்கள். பதிவைப் பார்த்து, முகம் தெரியாவிட்டால் ஆளை அனுப்பிவிடாமல் கேமராவை இறக்கியோ திருப்பியோ வைக்கச் செய்யுங்கள். முழுக் கூலியையும் இந்தச் சோதனை முடிந்த பிறகே கொடுப்பது நல்லது. இரவில் குரைக்கும் நாயையும், படலில் போடும் பூட்டையும் கேமரா வந்துவிட்டது என்று விட்டுவிடக் கூடாது.