பால் போல் வெளுத்தால் மருந்து கரைந்துவிட்டதா?

தெளிப்பானில் தண்ணீர் பிடித்து, குளோர்பைரிபாஸ் 20 இ.சி. மருந்தை ஊற்றிக் குச்சியால் கலக்கினால் தண்ணீர் பால் போல் வெளுக்கும். "நல்லா கரைஞ்சிருச்சு" என்று மூடியைப் போடுவோம். உண்மையில் அது கரையவில்லை, கலந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரையும் குளோர்பைரிபாஸ் சுமார் 1 மில்லிகிராம். பத்து லிட்டருக்கு 10 மில்லிகிராம். நீங்கள் ஊற்றும் 25 மில்லியில் இருக்கும் வீரியப் பொருளோ 5 கிராம், அதாவது 500 மடங்கு! வெயிலில் தண்ணீர் சூடானால் கொஞ்சம் கூடுதலாகக் கரையலாம். 500 மடங்கு கரையாது. மிச்சமெல்லாம் நுண்ணிய எண்ணெய்த் துளிகளாக மிதக்கிறது. தெளிப்பானை வரப்பில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் துளிகள் பிரியத் தொடங்கும். திரும்பி வந்து குலுக்காமல் அடித்தால் ஒரு வரிசையில் பூச்சி சாகாது, இன்னொரு வரிசையில் இலை கருகும்.

இமிடாகுளோப்ரிட் 17.8 எஸ்.எல். வேறு ரகம். லிட்டருக்கு சுமார் 610 மில்லிகிராம் கரையும். பத்து லிட்டருக்கு 3 மில்லி ஊற்றினால் லிட்டருக்கு 60 மில்லிகிராம் அளவுதான் வரும், முழுதும் கரைந்துவிடும். கலக்குவது சுலபம். ஆனால் மண்ணில் விழுந்த பிறகு அதே குணம் நமக்கு எதிராகத் திரும்புகிறது. மணற்பாங்கான நிலத்தில் மழைத் தண்ணீரோடு கீழே இறங்கும். கிணறு வரை போகலாம்.

இந்த எண்களை யாரும் குத்துமதிப்பாகச் சொல்வதில்லை. 1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு பெற, மருந்தின் கரைதிறன் விவரத்தையும் தர வேண்டும். தாம்பரத்தை அடுத்த படப்பையில் உள்ளது போன்ற நச்சியல் ஆய்வகங்களில் இத்தகைய சோதனைகள் நடக்கின்றன. ஓ.இ.சி.டி. அமைப்பின் 105-ஆம் வழிகாட்டி முறைப்படி, கரையக்கூடியதைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு மருந்தைத் தூய நீரில் போட்டு 30 டிகிரியில் குலுக்குவார்கள். பிறகு 20 டிகிரியில் ஒரு நாள் நிலைநிறுத்தி, கரையாததைச் சுழற்றிப் பிரித்து, மீந்த தண்ணீரில் மருந்து எவ்வளவு என்று அளப்பார்கள். லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கும் குறைவாகக் கரைபவற்றுக்கு இது சரிவராது. மருந்து பூசிய மணிகள் நிரம்பிய குழாய் வழியே தண்ணீரை மெல்ல ஓடவிட்டு அளக்க வேண்டும்.

'கரையாத மருந்து என்றால் ஏரிக்குக் கேடில்லையே' என்று கேட்பவர்கள் உண்டு. தவறு. லாம்டா சைஹாலோத்ரின் லிட்டருக்கு 0.005 மில்லிகிராம்தான் கரையும். அந்தத் துளி அளவுக்கும் கீழேயே மீன்களைக் கொன்றுவிடும். வண்டல் மண்ணில் ஒட்டிக்கொண்டு, மண் அரிப்போடு நீர்நிலைக்குப் போய்ச் சேரும்.

நான் குடியிருக்கும் ராஜகீழ்ப்பாக்கத்தில் இன்று வீடுகளுக்கு நடுவே ஏரி கிடக்கிறது. சுற்றிலும் ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும் குடும்பங்கள். சற்றுத் தள்ளி, பள்ளிக்கரணை சதுப்பு நிலம். இப்படி மேட்டில் அடித்த மருந்துக்குப் பள்ளத்தில் ஒரு நீர்நிலை காத்திருக்காத ஊர் நம் பக்கம் குறைவு.

ஆகவே மருந்து வாங்கும்போது பெயருக்குப் பின்னால் உள்ள எழுத்தைப் பாருங்கள். எஸ்.எல். என்றால், மழை வரும் அறிகுறி இருக்கும் நாளில் அடிக்காதீர்கள். கிணற்றோரம் கூடுதல் கவனம் தேவை. இ.சி. என்றால் அடிக்கடி குலுக்குங்கள். கலக்கியதை அன்றே தீர்த்துவிடுங்கள். எதுவானாலும் காலி பாட்டிலை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிப் பயிருக்கு அடியுங்கள். வாய்க்காலில் அலச வேண்டாம்.