பழைய ஒப்புதலும் புதிய பெருங்குற்றமும்: கலிஃபோர்னியாவின் மதுபோதை வாகன வழக்குகள்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், இரத்தத்தில் ஆல்கஹாலின் அளவு 0.08 விழுக்காட்டை எட்டிய நிலையில் வாகனம் ஓட்டுவதும், அளவு எதுவாயினும் மதுவால் ஓட்டும் திறன் குன்றிய நிலையில் ஓட்டுவதும், வாகனச் சட்டத்தின் 23152-ஆம் பிரிவின்படி தனித்தனிக் குற்றங்களாகும். எவருக்கும் காயம் நேராத முதல் வழக்கு பொதுவாக ‘மிஸ்டமீனர்’ எனப்படும் சிறுகுற்றமாகவே நடத்தப்படுகிறது. ஓட்டியவரைத் தவிர வேறொருவர் காயமுற்றாலோ, 10 ஆண்டுகளுக்குள் நான்காம் முறையாக இதே குற்றம் நிகழ்ந்தாலோ, அந்த 10 ஆண்டுகளுக்குள் ஏற்கெனவே ஒரு மதுபோதைப் பெருங்குற்றத்திற்குத் தண்டனை பெற்றிருந்தாலோ, வழக்கு ‘ஃபெலனி’ எனப்படும் பெருங்குற்றமாகத் தொடரப்படலாம். அப்போது 16 மாதம் முதல் 3 ஆண்டு வரையிலான சிறைத் தண்டனைக்கு வழி பிறக்கிறது. பலத்த காயம் ஏற்பட்டிருப்பின் தண்டனைக் காலம் மேலும் கூடும்.

உயிரிழப்பு நேர்ந்த வழக்குகளில் நிலைமை இன்னும் கடுமையானது. 1981-இல் வாட்சன் வழக்கில் அம்மாநில உச்ச நீதிமன்றம், தன் செயல் பிறர் உயிருக்கு ஆபத்தானது என்று அறிந்தும் பொருட்படுத்தாமல் குடித்துவிட்டு ஓட்டியவர்மீது, கொல்லும் நோக்கம் இல்லாவிடினும், இரண்டாம் நிலைக் கொலைக் குற்றம் சாட்டலாம் என்று தீர்ப்பளித்தது. அதற்கான தண்டனை 15 ஆண்டு முதல் ஆயுட்காலம் வரை நீளும். அந்த ‘அறிந்தும்’ என்பதை மெய்ப்பிக்க அரசுத் தரப்பு நாடும் முக்கியச் சான்றுகளுள் ஒன்று, குற்றஞ்சாட்டப்பட்டவரின் முந்தைய வழக்கிலேயே கிடைக்கிறது: மதுபோதை வழக்கில் தண்டனை பெறும் ஒவ்வொருவரிடமும், மீண்டும் இவ்வாறு ஓட்டி எவரேனும் இறந்தால் கொலைக் குற்றம் சாட்டப்படலாம் என்ற எச்சரிக்கையை நீதிமன்றம் தெரிவிக்க வேண்டும் என 23593-ஆம் பிரிவு விதிக்கிறது. அபராதத்தோடு முடிந்தால் போதும் என்று அவசரமாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட, இந்த எச்சரிக்கை அடங்கிய தாள், பின்னொரு நாளில் மிகப் பெரிய வழக்கொன்றின் அடித்தளமாகிவிடுகிறது.

ஆகவே பெருங்குற்ற வழக்கை ஏற்கும் தேர்ந்த வழக்குரைஞர் புதிய கைது அறிக்கையைப் படிப்பதோடு நில்லாமல், பழைய வழக்குகளின் ஆவணங்களையும் வரவழைத்துப் பார்க்கிறார். குற்றத்தை ஒப்புக்கொள்பவர், ஜூரி விசாரணை கோரும் உரிமை, சாட்சிகளை எதிர்கொள்ளும் உரிமை, தனக்கெதிராகச் சாட்சி சொல்லாதிருக்கும் உரிமை ஆகியவற்றைத் தெரிந்தே கைவிட்டிருக்க வேண்டும் என்பது 1969-இல் பாய்கின் வழக்கில் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் நிலைநாட்டிய நெறியாகும். பழைய ஒப்புதல் அவ்வாறு பெறப்படவில்லை என்றோ, வழக்குரைஞரின் துணையின்றியும் அத்துணையை முறைப்படி கைவிடாமலும் பெறப்பட்டது என்றோ காட்ட முடிந்தால், அந்தத் தண்டனையைக் கணக்கிலிருந்து நீக்கக் கோரலாம். மூன்று சிறுகுற்ற முன்தண்டனைகளில் ஒன்று விழுந்தாலும், காயம் ஏதுமில்லாத நான்காவது வழக்கு பெருங்குற்றம் என்ற நிலையை இழக்கும். நீதிமன்ற வாதத்தைவிட இந்த ஆவணத் தேடலே பல வழக்குகளின் போக்கை மாற்றவல்லது என்பதால், இதைப் புறக்கணிப்பது பெருந்தவறு.

இதற்கிடையே ஓட்டுநர் உரிமத்திற்கான காலக்கெடு தனியே ஓடிக்கொண்டிருக்கும். குற்ற வழக்கோடு தொடர்பின்றி மோட்டார் வாகனத் துறை உரிமத்தை இடைநிறுத்தும் என்பதால், அதை எதிர்த்து விசாரணை கோருவதற்குக் கைதாகி அறிவிப்புப் பெற்றதிலிருந்து 10 நாட்களே உண்டு.

காயம் நேர்ந்த வழக்கில், போதையை மட்டும் மெய்ப்பித்தால் போதாது. சிவப்பு விளக்கைத் தாண்டுவது போன்ற வேறொரு சட்டமீறலோ கவனக்குறைவோ காயத்திற்குக் காரணமாயிற்று என்பதையும் அரசுத் தரப்பு நிறுவ வேண்டும். அறிவியல் சான்றும் தணிக்கைக்கு உரியதே. மூச்சுப் பரிசோதனைக்கு முன் 15 நிமிடம் இடைவிடாமல் கண்காணித்திருக்க வேண்டும். ஏப்பத்தாலோ வாந்தியாலோ வாய்க்கு வரும் ஆல்கஹால் கருவியைப் பிழைபடக் காட்டச் செய்யும் என்பதே அவ்விதியின் காரணம். இரத்த மாதிரியில் பதப்படுத்தும் வேதிப்பொருள் குறைந்தால் நொதித்தலால் ஆல்கஹால் உண்டாகக்கூடும் என்பதால், எஞ்சிய மாதிரியைத் தனி ஆய்வகத்தில் சோதிக்கும் உரிமை குற்றஞ்சாட்டப்பட்டவர் தரப்புக்கு உண்டு. கூட்டாட்சி உச்ச நீதிமன்றத்தின் 2016-ஆம் ஆண்டு பெர்ச்ஃபீல்டு தீர்ப்புப்படி, கைதானவரிடம் மூச்சுப் பரிசோதனையை நீதிமன்ற ஆணையின்றி நடத்தலாம். இரத்தம் எடுக்க ஆணையோ, உண்மையான சம்மதமோ, காத்திருக்க இயலாத அவசரமோ தேவை. பாதிக்கப்பட்டவரின் துயரத்தை இத்தகைய தணிக்கை சிறுமைப்படுத்துவதில்லை. நடந்ததற்கு மேல் ஒருவர்மீது சுமத்தப்படாதிருக்க இது இன்றியமையாதது.

வழக்குரைஞருக்குப் பணம் கொடுக்க இயலாதவருக்கும் பெருங்குற்ற வழக்கில் அரசே ஒரு வழக்குரைஞரை அமர்த்தித் தர வேண்டும் என்பது 1963-இன் கிடியன் தீர்ப்பால் உறுதியான உரிமையாகும். கலிஃபோர்னியாவில் பணிவிசாவில் வாழும் தமிழர் உள்ளிட்ட வெளிநாட்டவர், குடியுரிமை இல்லை என்பதை முதல் சந்திப்பிலேயே தம் வழக்குரைஞரிடம் சொல்லிவிட வேண்டும்; ஏனெனில் குற்ற ஒப்புதல் நாடுகடத்தலுக்கு வழிவகுக்குமா என்று அறிவுரை கூறுவது வழக்குரைஞரின் கடமை என 2010-இல் படிலா வழக்கில் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. தீர்ப்பு வருமுன்னரே, கைது ஒன்றையே காரணமாக்கி விசாவை வெளியுறவுத் துறை ரத்து செய்யக்கூடும் என்பதால், குடியேற்றச் சட்டம் அறிந்த இன்னொருவரின் ஆலோசனையையும் ஒப்புதல் ஆவணத்தில் கையெழுத்திடுமுன் பெறுவது நலம்.